பல்லுயிர்ப் பாதுகாப்பைக் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேராசிரியர்களுக்கும் ஆய்வு வழிகாட்டிகளுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம்.

ஓர் உயிரினத்தை எப்படி எண்ணுவது, ஒரு சதுப்பு நிலத்தின் நலத்தை எதை வைத்து அளப்பது, சிறு கூட்டமாகச் சுருங்கிவிட்ட ஒரு விலங்கு இன்னும் எத்தனை தலைமுறை தாங்கும் என்று எப்படிக் கணிப்பது என்பதையெல்லாம் உங்கள் மாணவர்களுக்கு நன்றாகவே சொல்லித் தருகிறீர்கள். அந்தக் கணக்கு முடிந்தபின் என்ன நடக்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை. ஆய்வுக் கட்டுரை வெளியான நாளுக்கும், அது சொன்னது ஒரு தடையாகவோ பிடிப்பு வரம்பாகவோ மாறும் நாளுக்கும் நடுவில் பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அந்த ஆண்டுகளில் யார் யாரோடு பேசினார்கள், எந்த எண் கோப்பில் ஏறியது, எது ஓரமாக வைக்கப்பட்டது, ஏன் என்பதை ஒருவரும் மாணவருக்குக் காட்டுவதில்லை. கட்டுரையின் கடைசிப் பத்தியில் 'கொள்கை வகுப்பாளர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அவர் அடுத்த ஆய்வுக்குப் போய்விடுகிறார்.

நான் கேட்பது ஒன்றுதான். அறிவியல் எப்படிக் கொள்கையாகிறது, எப்போது ஆகாமல் போகிறது என்பதையே ஓர் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். களப்பணியில் எவ்வளவு கண்டிப்பு காட்டுகிறீர்களோ அதே கண்டிப்போடு அதைக் கற்பியுங்கள்.

2010 இல் ஜப்பானின் நகோயாவில் உலக நாடுகள் கூடி, 2020க்குள் எட்ட வேண்டிய 20 இலக்குகளை ஏற்றுக்கொண்டன. ஐச்சி இலக்குகள் என்று அவற்றுக்குப் பெயர். 2020 செப்டம்பரில் பல்லுயிர் உடன்படிக்கையின் செயலகம் வெளியிட்ட மதிப்பீடு, அவற்றில் ஒன்றுகூட முழுமையாக எட்டப்படவில்லை என்றது. ஆறு மட்டும் பகுதியளவு நிறைவேறியிருந்தன. அந்தப் பத்தாண்டில் அறிவியலுக்குப் பஞ்சமே இல்லை. 2012 இல் ஐபிபிஇஎஸ் என்ற அரசுகளுக்கிடையிலான அறிவியல்-கொள்கைத் தளம் தொடங்கப்பட்டது. 2019 இல் பாரிஸில் அது வெளியிட்ட உலக மதிப்பீடு சுமார் 15,000 ஆதாரங்களை அலசி, ஏறத்தாழ 10 லட்சம் இனங்கள் அழிவின் விளிம்பை நோக்கிப் போகின்றன என்று சொன்னது. 2022 டிசம்பரில் மொன்றியலில் மறுபடியும் 23 இலக்குகள் வகுக்கப்பட்டன. கெடு 2030. போன முறை ஏன் தவறியது என்பதைப் படிக்காமலே அடுத்த தலைமுறை ஆய்வாளர்களை இந்த இலக்குகளுக்காக அனுப்பினால், அவர்களும் அதே சுவரில்தான் போய் முட்டுவார்கள்.

'அரசியல் விருப்பம் இல்லை' என்று இதற்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. பொய்யில்லை. ஆனால் அது எதையும் விளக்குவதில்லை. அதே அரசுகள் சில நேரங்களில் அறிவியலைக் கேட்டு வேகமாகச் செயல்பட்டிருக்கின்றன. அந்தச் சில நேரங்களில் என்ன வேறாக இருந்தது என்பதல்லவா நாம் கேட்க வேண்டிய கேள்வி?

தெற்காசியாவின் பாறுக் கழுகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில் அவை கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையே 99.9 விழுக்காடு குறைந்துபோனது. முதலில் ஏதோ தொற்றுநோய் என்றுதான் பலரும் சந்தேகித்தார்கள். லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்து, சிறுநீரகம் செயலிழந்து உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் படிந்திருப்பதைக் கண்டது. காரணம் டைக்ளோஃபினாக். கால்நடைகளுக்குக் கொடுத்த அந்த வலி நிவாரணி, சடலத்தைத் தின்ற கழுகின் உடலுக்குள் போயிருந்தது. 2004 இல் இது வெளிவந்தது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய மூன்று நாடுகளும் 2006 இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அதைத் தடை செய்தன. கண்டுபிடிப்பிலிருந்து தடைக்கு இரண்டே ஆண்டுகள்.

ஏன் இவ்வளவு வேகம்? கண்டுபிடிப்பின் வலிமை ஒரு காரணம். ஒரே ஒரு பொருள், தெளிவான நோய்க்குறி, சோதித்துக் காட்டிய விளைவு. அது மட்டும் போதவில்லை. 'எல்லாச் சடலத்திலும் மருந்து இருக்காதே, அப்புறம் எப்படி இத்தனை கழுகுகள் சாகும்?' என்று யாரும் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி ஒன்று இருந்தது. அதே 2004 இல் வந்த இன்னொரு கணிப்பு அதற்குப் பதில் சொன்னது. சடலங்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவற்றில் சாகடிக்கும் அளவு மருந்து இருந்தாலே இந்தச் சரிவு நேரும் என்று அது காட்டியது. அடுத்து, கால்நடை மருத்துவருக்கும் மாடு வளர்ப்பவருக்கும் வேறு வழி வேண்டுமே. மெலாக்சிகாம் அதே வேலையைச் செய்யும், கழுகுக்குத் தீங்கில்லை என்று சோதனைகள் 2006 தொடக்கத்தில் உறுதிப்படுத்தின. தடை விதிப்பவர் கையில் மாற்று மருந்தின் பெயரும் இருந்தது. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். 'இதைச் செய்யாதே' என்ற ஆய்வைவிட, 'இதற்குப் பதில் இதைச் செய்' என்று முடிக்கிற ஆய்வுக்கு அலுவலகக் கதவு சீக்கிரம் திறக்கிறது.

கதை அங்கே முடியவில்லை. நம் பாடநூல்கள் அங்கே நிறுத்திவிடுவதுதான் என் வருத்தம். தடைக்குப் பிறகும் ஆய்வாளர்கள் சடலங்களின் ஈரல் மாதிரிகளைச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். மருந்தின் அளவு குறைந்திருந்தது, மறைந்திருக்கவில்லை. மனிதருக்கென விற்ற பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. 2015 இல் இந்தியா மனிதருக்கான ஊசி மருந்துக் குப்பியை 3 மில்லி அளவுக்குக் கட்டுப்படுத்தியது. கழுகுக்கு ஆகாத வேறு வலி நிவாரணிகளும் இருப்பது தெரியவந்தபோது, 2021 இல் வங்கதேசம் கீட்டோபுரோஃபெனைத் தடை செய்தது. 2023 இல் இந்தியா கீட்டோபுரோஃபெனையும் அசெக்ளோஃபினாக்கையும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து நீக்கியது. தடையாணை வந்த நாளில் ஆய்வு ஓய்ந்திருந்தால் இவை எதுவும் வந்திருக்காது. கொள்கை என்பது நீண்ட வேலை, அதைக் கண்காணிக்கும் அறிவியலும் நீண்டது என்பதை உங்கள் மாணவர் இந்த ஒரு கதையிலிருந்தே கற்றுக்கொள்ள முடியும். அதற்கு யாராவது கதையை முழுவதுமாகச் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறாகத் தொடங்கிய ஒன்று: அட்லாண்டிக்கின் நீலத்துடுப்புச் சூரை. கிழக்கு அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் 2009 ஆம் ஆண்டுக்கான பிடிப்பு 15,000 டன்னைத் தாண்டக்கூடாது என்று அட்லாண்டிக் சூரை ஆணையத்தின் சொந்த அறிவியல் குழுவே 2008 இல் சொன்னது. ஆணையம் 22,000 டன் என்று வரம்பு வைத்தது. அறிவியல் கேட்கப்பட்டது, பதிவும் செய்யப்பட்டது, அப்புறம் கடந்து போகப்பட்டது. 2010 மார்ச்சில் தோஹாவில் நடந்த, சைட்டிஸ் என்ற காட்டுயிர் வணிக உடன்படிக்கையின் கூட்டத்தில், இந்த மீனின் சர்வதேச வணிகத்தையே நிறுத்தக் கோரி மொனாக்கோ கொண்டுவந்த முன்மொழிவு தோற்றது. ஆனால் அந்த முன்மொழிவின் நிழல் விழத் தொடங்கியதுமே ஆணையம் வரம்பைக் குறைத்துவிட்டது. 2010க்கு 13,500 டன், 2011க்கு 12,900 டன். மீன் வளம் மீண்டது. 2021 இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை அழிவாபத்துப் பட்டியலிலிருந்து எடுத்து, கவலை குறைந்த இனங்களின் வரிசையில் வைத்தது.

இங்கே அறிவியல் ஜெயித்ததா? அப்படிச் சொல்ல எனக்குத் தயக்கம். அறிவியல் அறிக்கை 2008 இலும் அதேதான் சொன்னது. மாறியது அறையைச் சுற்றியிருந்த அழுத்தம். ஓர் ஆணையம் கேட்க மறுத்தால் வேறோர் உடன்படிக்கை கதவைத் தட்டும் என்ற பயம் வேலை செய்திருக்கிறது. எந்த அமைப்புக்கு எந்த அதிகாரம் உண்டு, ஓர் இடத்தில் தோற்ற வாதத்தை இன்னோர் இடத்தில் எப்படி வைக்கலாம் என்பது தெரியாத ஆய்வாளர், 2008 அறிக்கையை எழுதிவிட்டு மனமுடைந்து போயிருப்பார்.

அதே ஆணையம் 2022 நவம்பரில் செய்த காரியம்தான் என்னை அதிகம் கவர்கிறது. பிடிப்பு வரம்பை ஒவ்வொரு முறையும் பேரம் பேசித் தீர்மானிப்பதை விட்டு, தரவு இப்படி வந்தால் வரம்பு இப்படி மாறும் என்ற விதியை முன்கூட்டியே ஒப்புக்கொண்டது. அந்த விதி பல ஆண்டுகள் கணினியில் சோதிக்கப்பட்டது. மீன் எங்கே முட்டையிடுகிறது, எவ்வளவு கலக்கிறது என்பதில் இருந்த நிச்சயமின்மைகளை ஒவ்வொன்றாக மாற்றிப்போட்டு, எந்த நிலையிலும் தாங்குகிற விதி எது என்று தேடினார்கள். 'இன்னும் உறுதியாகத் தெரியவில்லையே, காத்திருப்போம்' என்ற வாதத்துக்கு அதற்குப்பின் இடம் குறைந்துவிடுகிறது, ஏனென்றால் தெரியாமையும் விதிக்குள்ளேயே எண்ணப்பட்டுவிட்டது. பல்லுயிர்ப் பாதுகாப்பில் அறிவியல் கொள்கைக்குள் நுழைவதற்கு இதைவிட நேர்த்தியான வழியை நான் பார்த்ததில்லை. இதைச் சூழலியல் மாணவர்களும் சட்ட மாணவர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

நிச்சயமின்மையைச் சரியாகச் சொல்லாததற்குக் கொடுத்த விலைக்கும் எடுத்துக்காட்டு உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் பிடிப்பு 1992 ஜூலை 2 அன்று நிறுத்தப்பட்டது. 30,000க்கும் மேற்பட்டோர் ஒரே அடியில் வேலையிழந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு என்று அறிவித்த தடை, 2024 வரை நீண்டது. 1980களில் மீன்வளக் கணிப்புகள் பெரிய இழுவைப் படகுகளின் பிடிப்பு வீதத்தையும் நம்பியிருந்தன. மீன் குறையக் குறைய எஞ்சியவை ஓரிடத்தில் திரண்டன. கருவிகளும் மேம்பட்டுக்கொண்டே போயின. அதனால் பிடிப்பு வீதம் குறையவில்லை, மீன் மட்டும் குறைந்தது. கரையோரத்தில் சிறு படகில் போனவர்கள் மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொல்லை எண்ணாக மாற்றிக் கணிப்புக்குள் கொண்டுவர ஒரு வழி அப்போது இருக்கவில்லை.

வழி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அலாஸ்காவைப் பாருங்கள். 1977 இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் போஹெட் திமிங்கிலம் மிகக் குறைந்துவிட்டது என்று கருதி, அங்குள்ள பூர்வகுடிகளான இனுபியாட் மக்களுக்கு வேட்டைத் தடையிலிருந்து இருந்த விலக்கை நீக்கியது. மதிப்பீடு 600 முதல் 2,000 வரை. பனி விளிம்பில் நின்று, திறந்த நீரில் கண்ணுக்குத் தெரிந்தவற்றை எண்ணியதிலிருந்து வந்த புரிதல் அது. வேட்டையாடிகள் ஒப்புக்கொள்ளவில்லை. திமிங்கிலம் பனிக்கு அடியிலும் போகும், பனியைத் தலையால் முட்டி உடைத்து மூச்சுவிடும், கரையிலிருந்து தொலைவிலும் போகும், நீங்கள் பார்ப்பது ஒரு பகுதியைத்தான் என்றார்கள். அறிவியலாளர்கள் அதைச் சோதிக்கத்தக்க ஒரு கூற்றாக எடுத்துக்கொண்டார்கள். நீருக்கடியில் ஒலிவாங்கிகள் இறக்கினார்கள், வானிலிருந்து எண்ணினார்கள். வேட்டையாடிகள் சொன்னது சரி. 2001 கணக்கெடுப்பில் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது. இடைப்பட்ட காலத்தில் கூட்டம் பெருகியதும் உண்மை, ஆனால் தொடக்க மதிப்பீடு மிகக் குறைவாக இருந்ததும் உண்மை. உள்ளூர் அறிவுக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறோம். இந்தக் கதையில் மரியாதை என்பது ஆய்வு வடிவமைப்பையே மாற்றுவதாக இருந்தது. அதனால்தான் அது வேட்டை ஒதுக்கீட்டையும் மாற்றியது.

சரி, இனி எண்களைப் பற்றி. ஐச்சி இலக்குகளில் 11 ஆவது, நிலத்திலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் 17 விழுக்காட்டையும் கடலில் 10 விழுக்காட்டையும் பாதுகாக்கச் சொன்னது. பகுதியளவு நிறைவேறிய ஆறில் இதுவும் ஒன்று. பரப்பை எண்ணுவது எளிது, அதனால் பரப்பு கூடியது. அந்த இலக்கின் வாசகத்திலேயே 'பயனுள்ள மேலாண்மை', 'சூழலியல் பிரதிநிதித்துவம்' போன்றவையும் இருந்தன. அவை பின்தங்கின. இப்போது, மொன்றியல் இலக்குகளில், 30 விழுக்காடு என்கிறோம்.

பாதுகாக்கப்பட்ட பகுதிகள் எங்கே அமைகின்றன என்று பார்த்தால், உயரமான, செங்குத்தான, யாருக்கும் அவ்வளவாகத் தேவைப்படாத இடங்களில்தான் உலகெங்கும் அதிகம். அங்கே காடு அழியாமல் இருப்பதற்குப் பாதுகாப்பு காரணமா, இடம் காரணமா? கோஸ்டா ரிக்காவைப் பற்றி 2008 இல் வந்த ஆய்வு இதை நேராகக் கேட்டது. பாதுகாக்கப்பட்ட காட்டுத் துண்டுகளை, சரிவிலும் மண்ணிலும் சாலைத் தொலைவிலும் அவற்றைப் போலவே இருந்த பாதுகாப்பற்ற துண்டுகளோடு ஒப்பிட்டது. பாதுகாப்பு இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் காட்டில் சுமார் 10 விழுக்காடு அழிந்திருக்கும் என்று விடை வந்தது. பாதுகாப்பு பயன் தந்திருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் இந்த ஒப்பீடு இல்லாத வழக்கமான கணக்கு, தடுக்கப்பட்ட அழிவை 65 விழுக்காட்டுக்கும் மேல் மிகைப்படுத்திக் காட்டியது. இலக்கை வகுக்கும் மேசையில் இந்த முறை தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால், 'எத்தனை விழுக்காடு' என்பதோடு 'எதை இழக்காமல் தடுத்தோம்' என்பதையும் அளவுகோலில் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருப்பார். அவரை உருவாக்கும் பொறுப்பு உங்களுடையது.

நல்லெண்ணத்தோடு எடுத்த நடவடிக்கையையும் சோதிக்கத்தான் வேண்டும். பிரிட்டனில் புதுச் சாலைகள் வௌவால்களின் பறப்பு வழியை வெட்டிய இடங்களில், வண்டிகளுக்கு மேலே உயரமாகக் கடக்கட்டும் என்று கம்பிப் பாலங்கள் கட்டினார்கள். 2012 இல் வெளியான ஆய்வு, வௌவால்கள் அவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை, பழைய வழியிலேயே வண்டிகளின் உயரத்தில் பறந்தன என்று காட்டியது. கட்டுமுன் சோதித்திருக்கலாம். கேம்பிரிட்ஜில் வில்லியம் சதர்லேண்டும் அவர் கூட்டாளிகளும் 2004 முதல் இதற்காகத்தான் பாதுகாப்பு நடவடிக்கைகளின் விளைவுகளைத் திரட்டி வருகிறார்கள். எது வேலை செய்தது, எது செய்யவில்லை, எதற்குச் சான்றே இல்லை என்று நடவடிக்கை வாரியாக அதில் பார்க்கலாம். உங்கள் மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தொகுப்பைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருக்கிறது?

அந்தத் தொகுப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதைத்தான் நெடுநாள் பார்த்துவந்தன. டட்சுயா அமானோவும் பிறரும் 2021 இல் 16 மொழிகளில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தேடி, பாதுகாப்பு நடவடிக்கை எதையாவது சோதித்த 1,234 ஆய்வுகளைக் கண்டெடுத்தார்கள். அவற்றைச் சேர்த்தால் சான்று உள்ள நிலப்பரப்பு முன்பைவிட 12 முதல் 25 விழுக்காடு கூடுகிறது. அழிவாபத்தில் உள்ள இனங்கள் பெரும்பாலும் எங்கே வாழ்கின்றனவோ, அங்கே முடிவெடுப்பவரும் களப்பணியாளரும் படிக்கும் மொழி பெரும்பாலும் ஆங்கிலம் அல்ல. ஆகவே ஆய்வேட்டோடு சேர்த்து, முடிவெடுக்கும் அலுவலகத்தின் மொழியில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றையும் கட்டாயமாக்குங்கள். அதற்கு மதிப்பெண் கொடுங்கள். மதிப்பெண் இல்லாத வேலையை மாணவர் எத்தனை நாள் செய்வார்?

மாணவர்கள் அறிய வேண்டிய இன்னொன்று, அறிவியலைக் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்லும் இடங்கள். 1975 இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கையின்படி, அதன் இரண்டாம் பட்டியலில் உள்ள ஓர் இனத்தை ஏற்றுமதி செய்ய அனுமதி தருமுன், அந்த நாட்டின் அறிவியல் ஆணையம் 'இதனால் அந்த இனம் வாழ்வதற்குத் தீங்கில்லை' என்று கருத்துத் தர வேண்டும். எத்தனையோ இனங்களின் விதி இந்த ஒற்றைக் கருத்தில் தொங்குகிறது. அதை எழுதுபவர்களின் கையில் பல நேரங்களில் எண்ணிக்கைத் தரவே இருப்பதில்லை. ஒரு முனைவர் பட்ட மாணவர் தம் இனத்துக்கு இப்படி ஒரு கருத்துரையைப் பயிற்சியாக எழுதிப் பார்த்தால், எந்தத் தரவு உண்மையில் தேவை என்பது அவருக்கு உடனே விளங்கிவிடும். ஐபிபிஇஎஸ் அறிக்கைகளின் சுருக்கம் எப்படி ஒப்புதல் பெறுகிறது என்பதையும் காட்டுங்கள். அரசுப் பிரதிநிதிகள் அதை வரி வரியாகப் படித்து ஏற்கிறார்கள், ஆசிரியர்கள் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு சொல்லையும் சான்றோடு காக்கிறார்கள். நேரம் பிடிக்கும், பொறுமையைச் சோதிக்கும். ஆனால் ஒப்புக்கொண்ட ஒரு வரியை அதே அரசு பிறகு மறுப்பது கடினம்.

இதைச் சொன்னதும் உங்களில் சிலர் எழுப்பும் கவலை எனக்குத் தெரியும். ஆய்வாளர்களைப் பிரச்சாரகர்களாக ஆக்கிவிடுவோமோ என்கிறீர்கள். நான் கேட்பது அதற்கு எதிரானது. எவ்வளவு மீன் மிஞ்ச வேண்டும், யாருடைய வாழ்வாதாரம் எவ்வளவு காலம் பொறுக்கும் என்பதை அறிவியல் மட்டும் தீர்மானிக்க முடியாது. அவை மக்களும் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களும் எடுக்க வேண்டிய முடிவுகள். அறிவியலாளர் சொல்லக்கூடியது, இந்த வழியில் போனால் இது நடக்கும், அந்த வழியில் போனால் அது நடக்கும், இவ்வளவு தூரம் எங்களுக்கு உறுதி என்பதுதான். எது தரவு, எது தம் சொந்த விருப்பம் என்று பிரித்துச் சொல்லத் தெரியாதவர்தான் அறியாமலே பிரச்சாரகராகிறார். அந்தப் பிரிப்பு இயல்பாக வந்துவிடாது, பயிற்சி வேண்டும்.

பாடத்திட்டத்தில் இடமில்லை என்ற பதிலையும் என்னால் ஏற்க முடியவில்லை. புதிய கணினி முறை ஒன்று வந்தால் அதற்கு இடம் பிறக்கிறதே. 2013 இல் ஐரோப்பிய ஒன்றியம் தேனீக்களுக்காக மூன்று நியோநிக்கோட்டினாய்டுப் பூச்சிக்கொல்லிகளைக் கட்டுப்படுத்தி, 2018 இல் திறந்தவெளிப் பயன்பாட்டை முற்றாக நிறுத்தியது. அப்புறமும் பல உறுப்பு நாடுகள் 'அவசரகால அனுமதி' என்ற வாசல் வழியே அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தன. 2023 ஜனவரியில் ஒன்றிய நீதிமன்றம் தலையிட்டு, தடை செய்த மருந்து தடவிய விதைகளுக்கு அப்படி அனுமதி தரக்கூடாது என்றது. தேனீயின் நரம்பு மண்டலத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவருக்கு, சட்டத்தின் அந்த ஒரு விலக்குப் பிரிவு தெரியவில்லை என்றால் அவருடைய பாதி உழைப்பு வீண். அந்தப் பிரிவைப் படிக்க ஒரு பருவம் முழுக்கத் தேவையில்லை.

எனவே அடுத்த கல்வியாண்டிலிருந்து செய்யக்கூடியவை. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் நிறைவேறிவிட்ட ஒரு கொள்கை முடிவை எடுத்து, அதைப் பின்னோக்கித் துருவிப் போகட்டும். எந்தக் கூட்டம், எந்தக் கோப்பு, எந்த ஆய்வு, அதை யார் கொண்டுவந்தார்கள் என்று. இன்னொருவர், நல்ல அறிவியல் இருந்தும் நிறைவேறாமல் போன ஒன்றை எடுக்கட்டும். வெற்றிகளை மட்டும் படித்தால் வெற்றிக்குக் காரணம் எது என்று ஒருபோதும் தெரியாது. கோஸ்டா ரிக்காக் காட்டுக்குக் கேட்ட அதே கேள்வியை நம் செல்வாக்குக்கும் கேட்க வேண்டும். அந்த ஆய்வு இல்லாமலே இந்தச் சட்டம் வந்திருக்குமா? சட்டம், பொருளியல், சமூகவியல் துறைகளிலிருந்து ஒருவராவது ஆய்வேட்டுக் குழுவில் இருக்கட்டும். கோப்புகளைக் கையாளும் அலுவலர்களை விருந்தினராக ஒரு மணி நேரம் அழைத்து அனுப்பிவிடாமல், ஆய்வுக் கேள்வியை வகுக்கும்போதே அவர்களைக் கூப்பிடுங்கள். 'எந்த மாதத்தில் முடிவெடுப்பீர்கள், அப்போது உங்கள் மேசையில் என்ன இருந்தால் உதவும்' என்று மாணவரே அவர்களிடம் கேட்கட்டும். பதவி உயர்வுக் குழுக்களில் இருப்பவர்களிடம் ஒரு தனி வேண்டுகோள்: இப்படி உழைத்த இளம் ஆய்வாளரின் கட்டுரை எண்ணிக்கை இரண்டு குறைந்திருந்தால், அதைக் குறையாக எழுதாதீர்கள்.

இந்த மடலை உங்கள் அடுத்த பாடத்திட்டக் கூட்டத்தில் ஒரு பொருளாக வைத்து விவாதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏற்க முடியாதவை எவை, ஏன் என்பதையும் மாணவர்கள் பார்க்கும்படி எழுதி வெளியிடுங்கள்.

நன்றியுடன்,
பல்லுயிர்க் கொள்கைகளைப் படித்துவரும் ஒருவர்